கிளி சொன்ன யோசனைக்கு யார் பேரை வெட்டுவது

எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அவளைப் பார்க்கும்வரை நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

1991. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி மண்ணூர் பக்கம், வண்டிகளில் எண்ணெய் கசியாமல் அடைக்கிற ரப்பர் சீல் செய்யும் ஒரு கம்பெனியில் நான் பர்சனல் டிபார்ட்மென்ட் டைப்பிஸ்ட். பேருக்குத்தான் டைப்பிஸ்ட். லீவு கார்டு பார்ப்பது, கேன்டீன் டோக்கன் கொடுப்பது, கமிட்டி கூடினால் நடந்ததைக் குறிப்பெடுப்பது, நடுவில் டீ சொல்லி அனுப்புவது எல்லாம் என் தலையில். காஞ்சிபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்குவேன். இறங்கும்போதே யாரையாவது திட்ட வேண்டும்போல இருக்கும். பெரும்பாலும் ஆளும் கிடைத்துவிடும்.

அந்த வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டரும் அதற்குள் ஒரு புரோகிராமும் கொண்டுவந்து வைத்தார்கள். ரப்பரை அச்சில் வைத்துச் சூட்டில் அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, சீலில் இன்ன கோளாறு வந்தால் நீங்கள் என்ன பார்ப்பீர்கள், என்ன செய்வீர்கள் என்று வாரக்கணக்கில் கேட்டார்கள். அவர்கள் சொன்ன ஒவ்வொன்றும் ஒரு விதியாக அதற்குள் போயிற்று. அப்புறம் கோளாறு வந்தால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டியது. அது ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும். ஆமாம், இல்லை, தெரியாது என்று தட்ட வேண்டும். கடைசியில் காரணம் இதுதான் என்று ஒரு சீட்டில் அச்சடித்துக் கொடுக்கும். நோட்டீஸ் போர்டில் ஒட்ட, 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்று நான்தான் டைப் அடித்தேன். பிரஸ் ஷாப்பில் அதை ஒருத்தர் நிறுத்தி நிதானமாகப் படித்துவிட்டு, "இன்னா, கிளி ஜோசியம்தானே?" என்றார். அன்றிலிருந்து அதற்குக் கிளி என்றே பேர் நிலைத்துவிட்டது.

கிளிக்கு ஏசி போட்ட ஒரு கண்ணாடிக் கூண்டு கட்டினார்கள். கோயிலுக்குள் போகிற மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தக் கூண்டில் உட்கார்ந்து தட்டுவதற்கு எடுத்த டெம்ப்ரவரி பெண்தான் அவள். மண்ணூர்க்காரி. பிளஸ் டூ படித்து, டைப்ரைட்டிங் லோயர் முடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் பாடுகிற குரல் என்பதால், கண்ணாடிக்கு வெளியேயும் அவள் பேசுவது நன்றாகவே கேட்கும். கிளிக்காரி என்று கூப்பிட்டார்கள். கோபித்துக்கொள்ளவில்லை, கூப்பிட்டவர்களுக்கு எல்லாம் பதிலுக்கு ஒரு பேர் வைத்துவிட்டாள்.

டெம்ப்ரவரி ஆட்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை 'பிரேக்' என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு புதிதாக எடுப்பதுபோல எடுப்பது அப்போது வழக்கம். தொடர்ந்து வைத்திருந்தால் பர்மனென்ட் கேட்டுவிடுவார்களே! அவளுக்கு அடுத்து வரப்போவது கடைசி பிரேக் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு சாஃப்ட்வேர் கம்பெனி தன் ஆளையே கூண்டில் உட்காரவைக்கப் போகிறது என்ற விஷயமும் நான் டைப் அடித்ததுதான். அவளிடமும் சொல்லிவிட்டேன். வீட்டில் சம்பளம் கொண்டுவருவது அவள் ஒருத்திதான்.

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. கேன்டீன் வாசலில் ஒரு யோசனைப் பெட்டி தொங்கும். வேலைக்கு உதவுகிற யோசனையை யாரும் எழுதிப் போடலாம். கமிட்டி ஏற்றுக்கொண்டால் எவர்சில்வர் டிபன் கேரியர் ஒன்று, பேர் வெட்டிக் கொடுப்பார்கள். பர்மனென்ட் ஆளுக்கு அதோடு சரி. டெம்ப்ரவரி ஆள் எழுதியது ஏற்கப்பட்டால், அவரைப் பர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள். ஆனால் அது அவர் தனியாகச் சொன்ன யோசனையாக இருக்க வேண்டும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காலை ஷிப்டில் முதலில் எடுக்கிற சீல் எல்லாம் கொப்புளம் கொப்புளமாக வந்தது. வாங்கிய கம்பெனிகள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பின. கிளியைக் கேட்டால், "சூடு போதவில்லை, ஏற்று" என்றது. ஏற்றினால் ரப்பர் கருகியது, கொப்புளமும் போகவில்லை. கேட்கும்போதெல்லாம் அதே பதில்தான். சூப்பர்வைசர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

கிளியிடம் 'தெரியாது' என்று மட்டும் தட்டக் கூடாது, தட்டினால் அது எங்கெங்கோ சுற்றும் என்று சாஃப்ட்வேர்காரர் அவளிடம் சொல்லிவைத்திருந்தார். அதனால் ஷிப்டில் யாரும் எழுதாமல் விட்ட விவரத்தையெல்லாம் குத்துமதிப்பாக 'ஆமாம்' என்று தட்டுவதுதான் அங்கே நடைமுறை. ஒருநாள் காலை அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. தெரியாததை எதற்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும் என்று, தெரியாத எல்லாவற்றுக்கும் தெரியாது என்றே தட்டினாள். கிளியும் சுற்றியது. அதுவரை கேட்காத கேள்விகளை எல்லாம் கேட்டது. ரப்பர் ஷீட்டை ராத்திரி எங்கே வைக்கிறீர்கள் என்றது. சிமென்ட் தரையா, பலகையா என்றது. இவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் தட்டினாள். அது மறுபடி கேட்டது, இவள் மறுபடி ஓடினாள். காலை டீயே குடிக்கவில்லை.

கடைசியில் வந்த சீட்டில் இருந்தது இதுதான்: மழைநாளில் தரை வியர்க்கிறது, ராத்திரி முழுக்கத் தரையில் கிடக்கும் ஷீட் ஈரத்தை இழுக்கிறது, அதனால்தான் காலையில் முதலில் எடுக்கும் சீலில் மட்டும் கொப்புளம், ஷீட்டைப் பாய்லருக்குப் பின்னால் இருக்கும் அறையில் பலகைமேல் வை.

அப்படியே வைத்தார்கள். அடுத்த நாள் காலை ஒரு கொப்புளம் இல்லை.

கிளியை நான் அதுவரை மதித்ததில்லை. அன்றைக்கு மதித்தேன். விசாரித்ததில், தரை வியர்க்கும் என்று சொன்னவர் வடக்குப்பட்டிலிருந்து வருகிற ஒரு பிரஸ் ஆபரேட்டர். ஷீட் ஈரத்தை இழுக்கும் என்று சொன்னவர் இன்னொருவர், ஊர் ஸ்ரீபெரும்புதூர். காலையில் முதலில் எடுப்பதைத் தனியாகப் பார்க்கணும் என்று சொன்னவர் தெற்கத்திக்காரர், திருநெல்வேலிப் பக்கம். மூன்று பேரும் மூன்று ஷிப்ட். ஒருவர் வரும்போது மற்றவர் போவார். சொன்னதை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க அவர்களுக்கு ஒரு நேரம் வாய்த்ததே இல்லை. கிளி சேர்த்தது. இவள் கேட்டாள்.

அன்று மாலையே சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டாள். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கமிட்டி கூடியது. ஒர்க்ஸ் மேனேஜர், யூனியன் செயலாளர், குறிப்பெடுக்க நான். சாஃப்ட்வேர்காரரும் விஷயம் தெரிந்து மெட்ராஸிலிருந்து வந்துவிட்டார். ஒப்பந்தத்தைக் கையிலேயே வைத்திருந்தார்.

"புரோகிராம் எங்களோடது. அதுக்குள்ள இருக்கிற விதிகளும் எங்களோடது. அப்ப அது சொன்ன யோசனை மட்டும் வேற யாரோடது ஆகும்?" என்றார். அந்த யோசனையை வேறு ரப்பர் கம்பெனிகளுக்கும் கொடுக்கப் போவதாகவும், அதில் எங்கள் ஆட்கள் யாருடைய பேரும் வரத் தேவையில்லை என்றும் சொன்னார்.

யூனியன் செயலாளர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "ஊரான் வூட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையே! நல்லா கீதுப்பா உங்க நியாயம்," என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "கேரியர் வந்தாச்சா?"

"வந்தாச்சு சார். யார் பேரை வெட்டணும்னு கடைக்காரர் கேட்டுக்கிட்டே இருக்கார்."

"பேசாம கம்ப்யூட்டர் பேரையே வெட்டிட வேண்டியதுதான்," என்றார் மேனேஜர், விளையாட்டாக.

"வெட்டு சார். நாளைக்கு கேரியர்ல சோறு கட்டிக்கினு அதுவே வேலைக்கு வரட்டும்," என்றார் செயலாளர்.

எல்லோரும் சிரித்தோம், ஆனால் கேள்வி அப்படியேதான் இருந்தது. விதிப்புத்தகத்தில் 'தன் சொந்த யோசனை' என்று போட்டிருந்தது. ஒரு யோசனையை இயந்திரம் சொல்லும் என்று அதை எழுதியவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

அவளைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் நல்ல மனுஷன். சாஃப்ட்வேர்காரரை டீ குடிக்க வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "இங்க பாரும்மா. 'இது என் சொந்த யோசனை'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. கம்ப்யூட்டரைப் பத்தி ஒண்ணும் எழுதாத. கிளியா வந்து சாட்சி சொல்லப் போகுது? நீ பர்மனென்ட்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுதுடி என்று மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

"கால மிதிக்காதீங்கக்கா," என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அப்புறம் மேனேஜரைப் பார்த்து, "இல்ல சார். கேட்டது நானு. சொன்னது அவங்க மூணு பேரு. நாலு பேரையும் எழுதுங்க," என்றாள்.

"நாலு பேர் எழுதினா உனக்குக் கால் பங்குதான். தனி யோசனைன்னாதான் பர்மனென்ட். விதி தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன பைத்தியக்காரத்தனம்?"

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தியாகம் செய்கிறவர்கள் அழுகிற மாதிரி அழவில்லை. ஆத்திரத்தில் அழுதாள். அழுதுகொண்டே மேனேஜரை ஒரு பிடி பிடித்தாள்.

"நீங்க கூண்டுக்குள்ள உக்காந்து பாத்திருக்கீங்களா சார்? 'சொன்னதெல்லாம் எங்க சொத்து'ன்னு அந்த மெட்ராஸ் சார் என்னிக்கி பிரஸ் ஷாப்ல வந்து வாயத் தொறந்தாரோ, அன்னிலேர்ந்து அங்க ஒருத்தரும் உண்மை சொல்றதில்ல. வாய்க்கு வந்தத சொல்லி அனுப்புறாங்க. 'அமாவாசையில மோல்டு ஒட்டும்'னு ஒருத்தர் சொன்னாரு, அதுவும் விதியா ஏறிடுச்சி. இப்ப நானும் அவங்க சொன்னத எம் பேர்ல எழுதிக்கினா, எங்கிட்ட மட்டும் யாரு சொல்லுவாங்க? யாரும் சொல்லலன்னா கிளி எத்த வெச்சி ஜோசியம் சொல்லும்? பட்டினியில செத்துப்பூடும் சார்."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பிரஸ் ஷாப்பில் நடக்கிறது எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இது தெரியாது.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "சரி. அப்ப யோசனை யாரோட சொத்து? அவர் ஒப்பந்தத்தை நீட்டுறாரே, அதுக்கு என்ன பதில்?"

அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. அது இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு மறக்கவில்லை.

"எங்க வூட்ல ஒரு குடம் கீது சார். எங்கம்மா கல்யாணத்துக்கு எங்க மாமா குடுத்தது. அதுல மாமா பேருதான் வெட்டிக் கீது. குடம் எங்களுது. தண்ணி புடிக்கிறோம், கழுவுறோம், கவுத்து வெக்கிறோம். பேரு வெட்டிக் கீதேன்னு மாமா வந்து குடத்தத் தூக்கிக்கினு போனாரா? குடம் எங்களுதுன்னு நாங்க பேர அழிச்சிட்டமா? யோசனைய கம்பெனி வெச்சிக்கட்டும். புரோகிராம மெட்ராஸ் சார் வெச்சிக்கட்டும். நான் குடத்தக் கேக்கல. பேர வெட்டுங்க."

யூனியன் செயலாளர் காதிலிருந்த பீடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "நம்ப வூட்லயும் பாதிப் பாத்திரத்துல ஊரார் பேருதான் சார்," என்றார்.

என் வீட்டிலும்தான். என் சமையலறையில் நான் தினமும் சாம்பார் வைக்கிற அடுக்கில் என் நாத்தனார் மாமியார் பேர் இருக்கிறது. அந்த அம்மாளை நான் பார்த்ததுகூட இல்லை. கொடுத்தவர் பேரும் வைத்திருக்கிறவர் உரிமையும் ஒரே பாத்திரத்தில் சண்டையில்லாமல் இருப்பதை ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தும், அது ஒரு நியாயம் என்று எனக்குத் தோன்றியதில்லை. அவளுக்குத் தோன்றியது. அந்த நிமிஷம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. நல்ல வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டாளே என்று ஒரு அறை விட வேண்டும்போலவும் இருந்தது.

மேனேஜர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கம்ப்யூட்டர் துணையோடு வருகிற யோசனைக்கு இனிமேல் இரண்டு வரி இருக்க வேண்டும். 'சொன்னவர்' என்று ஒன்று, 'கேட்டவர்' என்று ஒன்று. இயந்திரத்துக்குப் பேர் கிடையாது. யார் சொன்னது என்று தெரியாத விதியை உள்ளே ஏற்றக் கூடாது. விதி எங்கே போனாலும் சொன்னவர் பேரும் கூடவே போக வேண்டும். யோசனையில் பேர் உள்ள ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கு கணக்கில் சேரும், பங்குகள் கூடி ஒன்றானால் அது ஒரு முழு யோசனை.

டீ குடித்துவிட்டு வந்த சாஃப்ட்வேர்காரர் இதைப் படித்ததும் சிவந்துபோனார். "எந்த ஊர் சட்டத்தில சார் இப்படி இருக்கு?" என்றார்.

"இந்தக் கம்பெனி கேட்டுக்குள்ள இருக்கு," என்றார் மேனேஜர். அதற்குப் பிறகு அவர்களுக்குள் கடிதப் போக்குவரத்து நிறைய நடந்தது. எல்லாவற்றையும் நான்தான் டைப் அடித்தேன். சொன்னவர்கள் பேர் கடைசியில் புரோகிராமுக்குள்ளும் ஏறியது. கேரியர் மூடியில் இடம் போதாமல் நாலு பேரையும் சின்ன எழுத்தில் வெட்டி வந்தார்கள். அது யார் வீட்டுக்குப் போவது என்பதில் தகராறு வந்து, கேன்டீனிலேயே வைத்துவிட்டார்கள்.

இப்போது ஒரகடத்தில் பெரிய பெரிய கம்பெனிகள், பெரிய பெரிய ஹால்கள். ரிட்டயர் ஆன பிறகு பழைய ஆள் என்று என்னையும் சில கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். செயற்கை நுண்ணறிவு ஒன்றை எழுதினால், வரைந்தால், கண்டுபிடித்தால் அது யாருக்குச் சொந்தம் என்று வக்கீல்கள் படம் போட்டு விளக்குகிறார்கள். எனக்குப் பாதி புரிகிறது. குடத்தைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பேரைப் பற்றி யாராவது கேட்டால், அதைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். நாளைக்கு மனிதர்கள் வாயை மூடிக்கொண்டால் அது எதைத் தின்னும் என்று ஒருவரும் கேட்டு நான் பார்க்கவில்லை. நான் ஒருமுறை எழுந்து கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அவளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். கால் பங்கு வேலை காப்பாற்றாது. பிரேக் வந்தது, வீட்டுக்குப் போனாள். மெட்ராஸிலிருந்து ஒரு பையன் வந்து கூண்டில் உட்கார்ந்தான். நல்ல பையன், மரியாதையாகத்தான் கேட்டான். பிரஸ் ஷாப்பில் எல்லோரும் அவனிடம் மரியாதையாக, "ஒண்ணும் தெர்லியேப்பா," என்றார்கள். ஒரு வார்த்தை பெயரவில்லை. மேனேஜருக்கு விஷயம் புரிந்தது. அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள், டெம்ப்ரவரியாகத்தான்.

அவள் திரும்பி வந்த பிறகு ஷிப்ட் முடிந்தால் கூண்டுக்கு வெளியே செருப்புகள் சேர்ந்தன. வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்து சொன்னார்கள். எங்கள் யாரிடமும் சொல்லாததை, சூப்பர்வைசரிடமும் சொல்லாததை எல்லாம் அவளிடம் சொன்னார்கள். அவள் விடாமல் கேட்டாள், சண்டை போட்டுக் கேட்டாள். "மொதல்ல பேரச் சொல்லுங்க, அப்பால விஷயத்தச் சொல்லுங்க," என்பாள்.

அடுத்த மழைக்கு முன்பு யோசனைப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே மூன்று சீட்டுகள் இருந்தன. மூன்றும் வெவ்வேறு பிரஸ், வெவ்வேறு கையெழுத்து. மூன்றும் கிளி துணையோடு வந்தவை, மூன்றும் உருப்படியானவை. ஒவ்வொன்றிலும் சொன்னவர்கள் மூன்று மூன்று பேர். அவற்றில் ஒன்றை எழுதியவர், அவளோடு எந்நேரமும் மல்லுக்கு நிற்கிற ஆள். 'கேட்டவர்' என்ற வரியில் மூன்று சீட்டிலும் அவள் பேர். அவள் தன் கையால் ஒன்றும் எழுதிப் போடவில்லை.

யூனியன் செயலாளர் கமிட்டியில் விரலை மடக்கினார். "பழைய கால் ஒண்ணு, இப்ப மூணு கால். மொத்தம் இன்னா சார் ஆச்சு?"

மேனேஜர் சிரித்துக்கொண்டே, "டைப் பண்ணும்மா," என்றார்.

பர்மனென்ட் உத்தரவை டைப் அடித்து முடித்தபோது எனக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. கூப்பிட்டனுப்பினேன். வந்தாள். நின்றபடியே படித்தாள், இன்னொரு தரம் படித்தாள். பேப்பரைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, எம் பேரு மட்டும்தான் கீது? மத்தவங்க பேரு?"

"அடிப்பாவி, இது உத்தரவு. வேலை உனக்குத்தான். கையெழுத்துப் போடு."

அவள் போடவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று பிரஸ் ஷாப்புக்குப் போனாள். சாப்பாட்டு நேரம் முடிந்து திரும்பி வந்தாள். அவள் பேரை நான் ஒரு பிழையில்லாமல் அடித்திருந்த அந்த உத்தரவின் பின்பக்கம் முழுக்கக் கையெழுத்து. ரப்பர் கறை படிந்த விரலோடு போட்டது, தமிழில் போட்டது, கைநாட்டு ஒன்று. ஆபீஸ் பேப்பரை இப்படிப் பாழாக்கினால் நான் யாரையும் சும்மா விட்டதில்லை. அன்றைக்கு முன்பக்கத்தைத் திருப்பி அவளிடம் நீட்டினேன். அவள் கடைசியாகப் போட்டாள்.